பூங்கோதையில் ஏற மாட்டோம்

பிரச்சினையெல்லாம் ஒன்றும் இல்லை அக்கா. ஜெயித்தவள் முகமும் சில சமயம் இப்படித்தான் இருக்கும். நான் போனில் சத்தம் போட்டது உங்களுக்குத் தொந்தரவாக இருந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவே இல்லை, அது வேறு விஷயம். எடுக்காத போனில் யாராவது சத்தம் போடுவார்களா என்று கேட்பீர்கள். நான் போடுவேன்.

நீங்கள் தேனியில்தானே இறங்குகிறீர்கள்? அப்படியென்றால் இந்த பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நான் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் சொல்வேன், பயப்படாதீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே பட்டிமன்றம் பேசுகிறவள் நான். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களைவிட நன்றாக எனக்குச் சொல்ல வரும். இங்கே அவர்களிடம் வாதமே இல்லை, அதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் ஒரு ஜீப் இருக்கிறது. பெயர் பூங்கோதை. என் பெயரும் அதுதான். நான் பிறந்த மாதம் அப்பா அதை வாங்கினார். அப்போதே இரண்டு கை மாறி வந்த வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே என் பெயரை மஞ்சள் எழுத்தில் எழுதவைத்தார். ஊரில் எனக்கு அந்தப் பெயர் நிலைப்பதற்கு முன்னால் வண்டிக்கு நிலைத்துவிட்டது. “பூங்கோதை வந்துருச்சா?” “பூங்கோதையில எடம் இருக்கா?” “பூங்கோதைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல, தள்ளித்தான் கெளப்புனோம்.” இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண்ணிடம் எல்லோரும் பொறுமையை எதிர்பார்க்கிறார்கள்.

நீங்கள் இந்தப் பக்கம் இல்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். மேற்கே தெரிகிறதே மலை, அதற்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்கள். விடியும்போது அடிவாரத்து ஊர்களில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். ஜீப்புகள் வந்து அள்ளிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று நினைக்கிறீர்கள்? எட்டா? எங்கள் ஜீப்பில் பதினேழு பேர். அப்பா இருபத்து நாலு வருஷமாக அந்தப் பதினேழு பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். அதில் என் அம்மாவும் ஒருத்தி, ஆறு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் போகும்வரை.

யார் எங்கே உட்காருவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஜீப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற பெண்ணுக்குத்தான் முன்சீட்டு. எங்கள் ஜீப்பில் அது பேச்சியம்மாள். அத்தை என்று கூப்பிடுவேன். இப்போது கூப்பிடுவதில்லை. பத்தொன்பது வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில், காற்று வாங்கிக்கொண்டு, மகாராணி மாதிரி போனவள். என் அம்மா பின்னால், கால் நீட்ட இடமில்லாமல், மற்றவர்களோடு. டிரைவர் பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்தால் ஆயிரம் பேச்சு வரும் என்று அப்பா ஒரு நாள்கூட அம்மாவை முன்னால் ஏற்றியதில்லை. அவ்வளவு நேர்மையான மனிதருக்குத்தான் இந்தக் கதி.

அது வெறும் வண்டியா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தேனி ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனது அதுதான். பத்தாம் வகுப்பில் மாவட்டப் பேச்சுப்போட்டிக்கு அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு அப்பா என்னை அதில் கூட்டிப்போனார். மதுரையில் விடுதியில் சேர்ந்ததும் அதில் போய்த்தான். விடுதி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, திருப்பத்தில், நிறுத்தச் சொல்லிவிட்டேன். வாசலில் கார்கள் நெருக்கி நின்றன, ஜீப்பைத் திருப்ப இடம் இருக்காது, அதற்காகத்தான். அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும்.

அதற்குப் பிறகு நான் அதில் ஏறவில்லை என்பது உண்மைதான். பஸ் இருக்கும்போது டீசலை வீணாக்குவானேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால், நல்ல மழை, சாயங்காலம் திரும்பி வரும்போது ஐந்தாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. இடது பக்கம் பள்ளம். வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டிருப்பார்கள். அப்பா ஒரு நொடியில் வண்டியை வலது பக்கம் ஒடித்து, மலையோடு உரசி நிறுத்தினார். பதினேழு பேரில் ஒரு உயிர் போகவில்லை. ஈசுவரி என்கிற அக்காவுக்கு முன்பல் இரண்டு போனது. பதினேழு உயிரைக் காப்பாற்றிய மனிதருக்கு எதிராக இரண்டு பல்லைக் கொண்டுவந்து தராசில் வைக்கிறார்கள். இது என்ன நியாயம்?

மூன்றாம் நாள் வண்டியைச் சரிபண்ணி அப்பா நிறுத்தத்துக்குப் போயிருக்கிறார். யாரும் நகரவில்லை. பேச்சியம்மாள் மட்டும் வந்து, “பூங்கோதையில ஏற மாட்டோம் அண்ணே. கோவிச்சுக்காதீக” என்றிருக்கிறாள். ஏன், எதற்கு, என்ன காரணம், ஒன்றும் கிடையாது. விளக்கம் சொல்லாத முடிவுக்கு நான் ஆராய்ச்சி பண்ணுகிற துறையில் ஒரு பெயர் உண்டு. அதிகாரம்.

பன்னிரண்டு நாள் அக்கா. பன்னிரண்டு நாளும் அப்பா வெறும் வண்டியோடு போய் அந்த நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். ஹாரன்கூட அடிக்கவில்லை. அவர்கள் பத்தடி தள்ளி நின்றிருக்கிறார்கள். வேறு ஜீப்பு ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்து ஏற்றும்வரை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், நனைந்துகொண்டு. தாமதத்துக்குத் தோட்டத்தில் ஏச்சும் வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஏறவில்லை. ஒரு சண்டை இல்லை, ஒரு பேச்சு இல்லை. ஊமை மாதிரி நிற்பது. அம்மா போனில் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் பதில் சொல்லியிருப்போமே? பேசாமல் நிற்கிறவர்களிடம் என்ன வாதம் பண்ணுவது?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என் ஆராய்ச்சியே இவர்களைப் பற்றித்தான். மலைத்தோட்டத்துப் பெண்களின் கூட்டு மறுப்பு. இதோ பையில் இருக்கிறது, பதினான்கு பக்கம். இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு மதுரையில் வாசிக்கிறேன். பழைய காலத்துத் தோட்டம் ஒன்றில், பெண்கள் எல்லோரும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு சொல்கூடப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். என் நெறியாளர் அந்த இடத்தில் சிவப்பு மையால் ‘அருமை’ என்று போட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட பெண்கள் வாழ்ந்த மலை இது. இன்றைக்கு இருக்கிறவர்களைப் பாருங்கள். அரசியல் உணர்வு சுத்தமாகப் போய்விட்டது.

ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். முதல் வேலையாக அப்பாவை இழுத்துக்கொண்டு சிக்கந்தர் பாய் பட்டறைக்குப் போனேன். எங்கள் வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து அவர்தான் மெக்கானிக். அடியில் படுத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரால் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, குத்தினார். துரு பொலபொலவென்று அவர் நெஞ்சில் கொட்டியது.

“மாப்ள, இதே எடத்துல மூணு தடவ நானே ஒட்டுப் போட்டுத் தச்சிருக்கேன்” என்றார் அப்பாவிடம். “இனித் தைக்கிறதுக்குத் துணி இல்ல.”

“பிரேக்க மட்டும் புதுசா மாத்திக் குடுங்க பாய்” என்றேன் நான்.

“புதுசு இந்தா இருக்கு பாப்பா. அத எதுல மாட்டச் சொல்ற? ஓங் கழுத்துலயா?”

இது வாதமா? இது தனிமனிதத் தாக்குதல். நான் விடவில்லை. பழைய வண்டிகளையெல்லாம் கழித்துக்கட்டச் சொல்வதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய வியாபாரம் இருக்கிறது, ஏழைகளிடம் இருக்கிற ஒரே சொத்தைப் பிடுங்குவது எப்படி நடக்கிறது என்று ஆதியிலிருந்து எடுத்துச் சொன்னேன். பாய் அடியில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

“நீ சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா இது ஆள ஏத்துற வண்டி” என்றார். “மூட்ட ஏத்துறதுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். அறுத்துப் போட்ருங்க மாப்ள.”

“இந்த வண்டியால இத்தன வருசம் சோறு தின்னவரு நீங்க” என்றேன்.

“தாயி” என்றார் அப்பா.

பாய் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று டீ சொன்னார். டீ வாங்கிக்கொடுத்து வாயை அடைக்கிற தந்திரம். நான் குடிக்கவில்லை. அப்பா குடித்தார்.

திரும்பி வரும் வழியில் அப்பா, “அவன் சொல்றதுலயும்…” என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன். “நீங்களே விட்டுக்குடுத்தா எப்பிடிப்பா? அதுல எம் பேரு எழுதியிருக்கு. நாளைக்குக் காயிலாங்கடையில எம் பேர ரெண்டா வெட்டி வச்சிருப்பான், பாத்துக்கிட்டு இருப்பீங்களா?” எங்கள் வீட்டில் நான் பேசினால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அந்தச் சுதந்திரத்தை அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே கொடுத்துவிட்டார்.

சின்னமனூரில் ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தேன். பாய் மாதிரி தத்துவம் பேசாத ஆள். சேசிஸில் ஓட்டை விழுந்த இடத்தில் இரும்புப் பட்டை வைத்து இரண்டே நாளில் ஒட்டிக் கொடுத்தார். பிரேக்கையும் ஏதோ பார்த்தார். வண்டி முழுக்க நீலப் பெயின்ட். பெயரைப் புதிதாக எழுதச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்று, ‘தை’க்குக் கொம்பு சரியாக வருகிறதா என்று பார்த்தேன். வண்டி வெளியே வந்தபோது கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. அப்பா சுற்றிவந்து பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். “நல்லாருக்கு தாயி” என்றார். கேட்டுக்கொள்ளுங்கள், அவரே சொன்னது.

நேற்றுக் காலையில் அப்பாவோடு நானும் நிறுத்தத்துக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தார், நான் சண்டை போட்டுவிடுவேன் என்று பயம். நான் ஏன் சண்டை போடுகிறேன்? பேசினேன். கால் மணி நேரம். இருபத்து நாலு வருஷ உறவு என்றேன். பிரசவ வலி எடுத்தவளை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த வண்டி என்றேன். நன்றி என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். உழைக்கிறவர்கள் உழைக்கிறவர் வயிற்றிலேயே அடிக்கலாமா என்றேன். நல்ல பேச்சு அக்கா, மேடையாக இருந்தால் கைதட்டல் வாங்கியிருக்கும்.

“முடிச்சுட்டியா பாப்பா?” என்றது ஒரு குரல். “ஜீப்பு வர இன்னும் நேரங் கெடக்கு. குளுருக்கு நல்லாத்தான் இருக்கு, இன்னுங் கொஞ்சம் பேசு.”

சிரித்தார்கள். அந்த ஈசுவரி அக்காவும் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “நீ படிச்ச புள்ள” என்றாள். “எனக்கு ஒரு கேள்விதான் இருக்கு. நீ இதுல ஏறுவியா?”

“ஏன் ஏறாம?”

“அப்ப ஏறு. ஒரு வாரம் எங்ககூட மேல வா, கீழ வா. எஞ் சீட்ட ஒனக்கு விட்டுத் தாரேன். நாம் பெத்த மகளுக்குக்கூட அத விட்டுக் குடுத்ததில்ல.”

அந்த இடத்தில் நான் ஏறியிருப்பேன். சத்தியமாக ஏறியிருப்பேன். ஆனால் இன்றைக்குக் கருத்தரங்கு. மூன்று மாதத்துக்கு முன்னாலேயே அழைப்பிதழில் பெயர் போட்டாகிவிட்டது. அதைச் சொன்னேன்.

“கருத்தரங்குக்கு பஸ்ஸுலதான் போற?” என்றாள்.

இப்படித்தான் பேசுவாள். சம்பந்தமே இல்லாமல் ஒன்றைத் தூக்கிப் போடுவது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னாள்: “சரி, ஒங்க வீட்டு ஆளு யாராச்சும் ஒருத்தரு. முன்னால ஒக்காரட்டும். நாங்க ஏறுறோம்.”

“நான் வாரேன்” என்றார் அம்மா.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முழங்காலோடு மலைக்கா? அப்பா, “நீ எதுக்கு” என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்கு வாரேன் பேச்சி. ஆளுகளச் சொல்லி வையி” என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரப் பிரச்சினை இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது. என் பேச்சு எங்கேயோ போய்த் தைத்திருக்கிறது, இல்லையென்றால் அவர்கள் இறங்கி வந்திருப்பார்களா?

இன்றைக்கு ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். பின்னால் பதினாறு பேர், பேச்சியம்மாள் உட்பட, இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னால் அம்மா. அந்த சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாமல் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். நான் கை காட்டினேன். அம்மா பார்க்கவில்லை. வண்டிக்குள் குனிந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தேன். நீங்களும் ஏறினீர்கள். அப்பாவிடம் ஒன்று சொல்லலாம் என்று கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை. மலையில் டவர் இருக்காது. பாதி இடத்தில் கிடைக்காது. அது எனக்குத் தெரியும். கவலையெல்லாம் இல்லை.

உத்தமபாளையம் தாண்டிவிட்டோமா? அந்தப் பக்கம் பாருங்கள், மலை மேலே எப்படி இருட்டிக்கொண்டு வருகிறது.

இருங்கள். அம்மாதான்.

“சொல்லும்மா. போய்ச் சேந்துட்டீங்களா?… எங்க? ரெண்டாவது வளைவா? அங்க என்னத்துக்கு நிக்கிறீங்க?… யாரு எறங்குனா?… நீயா?… நீ எதுக்கும்மா எறங்குன?… அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்… அம்மா?”

கட் ஆகிவிட்டது. கேட்டீர்களா அக்கா? உங்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். இரண்டாவது வளைவில் எதிரே ஒரு பஸ் இறங்கி வந்திருக்கிறது. ஒதுங்கி நிறுத்தவேண்டிய இடம். நின்றதும் என் அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். “ஒங்கப்பா கால மட்டுந்தாண்டி பாத்துக்கிட்டே போனேன்” என்கிறார். “அடிவாரத்துல மூணு மிதி மிதிச்சாத்தான் பிரேக்கு பிடிச்சுச்சு. ரெண்டாவது வளைவுல அஞ்சு. பின்னால ஒக்காந்தா இது தெரியவே தெரியாது. ஒரு வருசமா இப்பிடித்தான் ஓட்டியிருக்காரு.”

அம்மா இறங்கியதும் பின்னாலிருந்து ஒவ்வொருத்தியாக எல்லோரும் இறங்கிவிட்டார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லையாம்.

இன்னொன்று கேளுங்கள். பேச்சியம்மாளுக்கு இது ஒரு வருஷமாகத் தெரியும், எல்லோரும் இறங்கிய பிறகுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். முன்சீட்டில் இருந்தவள் பார்க்காமல் இருப்பாளா? கேட்டிருக்கிறாள். “பாப்பா படிப்பு முடியுறமட்டும் ஓட்டிக்கிறேன் பேச்சி, யாருட்டயும் சொல்லாத” என்று அப்பா கையைப் பிடித்துக் கேட்டாராம். சொல்லவில்லை. அந்த ஐந்தாவது வளைவுக்குப் பிறகும் சொல்லவில்லை. ஏற மாட்டோம் என்றாளே தவிர ஏன் என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் கால் மணி நேரம் நன்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? தெரிந்துகொண்டே ஒரு வருஷம் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போனதற்கு என்ன பெயர்? தப்புதானே? தப்புதான். என் படிப்பு எங்கே வந்தது இதில்? என் படிப்புக்காக யாரையும் நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு உதவித்தொகை வருகிறது. அது விடுதிக்குச் சரியாகப் போய்விடும், மற்றதுக்கு அப்பா அனுப்புவார், அது வேறு.

என் அம்மாவைச் சொல்லவேண்டும். ஊரே எதிராக நின்றாலும் சொந்த வீட்டுக்காரி வண்டியிலிருந்து இறங்கலாமா? நடுரோட்டில்? அத்தனை பேர் முன்னால்? இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள். துரோகம் என்று சொல்ல மாட்டேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

நீங்கள் ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களாக இருந்தால் இறங்கியிருப்பீர்களா? இல்லை, சும்மா கேட்கிறேன். பதில் சொல்லவேண்டாம்.

அம்மா கடைசியாக ஒன்று சொன்னார். அதற்குள்தான் கட் ஆனது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அப்பா மட்டும் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாராம். திருப்பிக் கீழே கொண்டுபோகிறேன் என்கிறாராம், தனியாக. ஏற்றத்திலேயே நிற்காத வண்டி, இறக்கத்தில். “விட்டுட்டு வாங்க, சிக்கந்தர் பாயி வந்து பாத்துக்கிருவாரு” என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். “அறுக்கக் கூடாதுன்னு பாப்பா சொல்லியிருக்கா. வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” என்கிறாராம். “நீயே சொல்லு, நீ சொன்னாத்தான் கேப்பாரு” என்று அம்மா போனை அவரிடம் கொடுக்கப்போனார்.

இப்படி ஒரு இக்கட்டில் என்னைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், பாருங்கள். நான் அறுக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். தனியாக ஓட்டிக்கொண்டு இறங்கு என்று சொன்னேனா? ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லையா? அதை இவர்களுக்கு யார் விளக்குவது? சின்னமனூர் பட்டறைக்காரன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பிரேக்கைப் பார்த்தேன் என்றான். பார்த்தேன் என்றால் பார்த்தான், அவ்வளவுதான் போலிருக்கிறது. நானும் பக்கத்திலேயேதான் நின்றேன். எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே மழை ஆரம்பித்திருக்கும். இங்கேயே தூறுகிறதே.

போன் அடிக்கிறது. அப்பா நம்பர்.

இல்லை, எடுக்கிறேன். என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். ஒரு நிமிஷம்.

“அப்பா… ம்… ம், அம்மா சொன்னுச்சு… இல்லப்பா, நான் கோவமால்லாம் இல்ல… ஹேண்ட் பிரேக்குப் போட்டிருக்கீங்களா?… பிடிக்காதா? அதுவும் பிடிக்காதா?… சக்கரத்துக்குக் கல்லு?… யாரு, பேச்சியம்மா அத்தையா வச்சாங்க?… சரி… அப்பா, கேளுங்க. நான் சொன்னதுக்காக ஒண்ணும்… இல்ல… இல்லப்பா, பெயின்ட் அடிச்சா என்ன… வேணாம். வேணாம்ப்பா, எறங்குங்க… ஆமா, விட்டுட்டு எறங்குங்க… பாய வரச் சொல்லுங்க… அறுக்கட்டும்… பேரு இருந்தா இருந்துட்டுப் போகுது. அறுக்கட்டும்ப்பா… எறங்கிட்டீங்களா?… கால் ரெண்டும் ரோட்டுல இருக்கா?… சாவிய எடுத்துட்டீங்களா?… அம்மாட்ட குடுங்க. நீங்க வச்சுக்கிறாதீங்க, அம்மாட்ட குடுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்… அம்மா? வாங்கிட்டியா?… கையில இருக்கா?… சரி. சரிம்மா. வச்சிரு.”

தண்ணீர் இருக்கிறதா அக்கா? கொஞ்சம் போதும்.

மழையில் தனியாக இறக்கவேண்டாம் என்று சொன்னேன், அவ்வளவுதான். அதனால் அவர்கள் செய்தது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள். தேனி வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நான் இன்னும் முடிக்கவில்லை.